பெரிய வெள்ளியை வீட்டிலேயே அனுசரிப்பது எப்படி? வியாழன் மாலை முதல் சனி இரவு வரை

இயேசு சிலுவையில் மரித்ததை நினைவுகூரும் பெரிய வெள்ளியன்று கோயிலுக்குப் போக முடிந்தவர்கள் போய்விடுங்கள். வீட்டு ஜெபம் அதற்கு ஈடு என்று நான் சொல்லப் போவதில்லை. இந்த வழிகாட்டி போக முடியாதவர்களுக்கு: படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவை விட்டு நகர முடியாத மகளுக்கு, இரவு ஷிப்ட் முடித்துக் கண் எரிய வீடு திரும்பும் நர்ஸுக்கு, பக்கத்தில் தமிழ் ஆராதனையே இல்லாத ஊரில் வேலை பார்ப்பவருக்கு. இந்தியா, இலங்கை, சிங்கப்பூரில் அன்று விடுமுறை. மலேசியாவில் சபா, சரவாக் தவிர மற்ற மாநிலங்களில் வேலை நாள். அமெரிக்காவிலும் மத்திய அரசு விடுமுறை கிடையாது. கோயிலுக்குப் போய் வந்த பிறகு மீதிப் பொழுதை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல் டிவி முன்னால் உட்கார்ந்துவிடும் குடும்பங்களுக்கும் இதில் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் ஒன்று. துக்க வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று நமக்கு யாரும் பாடம் எடுப்பதில்லை. குரல் தானாகத் தாழும், பாட்டு நிற்கும், பூவும் பொட்டும் பின்னுக்குப் போகும், அடுப்பில் ஒரு கஞ்சி மட்டும் கொதிக்கும். பெரிய வெள்ளியையும் அப்படித்தான் அனுசரிக்க வேண்டும். அன்றைக்கு எதையெல்லாம் சேர்க்கலாம் என்று யோசிப்பதைவிட எதையெல்லாம் நிறுத்தலாம் என்று யோசித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

கத்தோலிக்கர் வழக்கமும் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் சபைகளின் வழக்கமும் சில இடங்களில் வேறுபடும். இரண்டையும் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்துக்கும் சம்பந்தி உறவு உள்ள வீடுகள் நிறைய இருக்கின்றன. அங்கே காலையில் இயேசு சிலுவை சுமந்து போன வழியைத் தியானிக்கும் சிலுவைப் பாதையும், நண்பகலில் அவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளும் என்று பிரித்துக்கொண்டால் யாருக்கும் மனக்குறை வராது.

தேதியை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஆண்டுக்கு ஆண்டு மாறும். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர், அதற்கு முந்தின வெள்ளி பெரிய வெள்ளி என்பது பொதுவான கணக்கு. 2026-இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 3, 2027-இல் மார்ச் 26. வெளிநாட்டில் இருப்பவர்கள் லீவு கேட்க இது உதவும்.

படி 1: வியாழக்கிழமையே முடிக்க வேண்டியவை

வெள்ளிக்கிழமை கடைக்கு ஓடக்கூடாது என்றால் வியாழன் மதியத்துக்குள் வேலை முடிய வேண்டும். புழுங்கலரிசி, பச்சைப் பயறு, தேங்காய், இரண்டு மெழுகுவர்த்தி இருந்தால் போதும். துணி துவைப்பது, வீட்டைக் கூட்டிப் பெருக்குவது எல்லாம் அன்றைக்கே. வெள்ளியன்று துடைப்பம் எடுக்க மாட்டோம், ஆணி அடிக்க மாட்டோம், தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டோம் என்று பாட்டிகள் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். சபைச் சட்டத்தில் இதெல்லாம் கிடையாது. இருந்தாலும் நான் அவற்றைக் கேலி செய்ய மாட்டேன். சுத்தியலை எடுக்கப் போன கை தயங்கி நிற்கிறதே, அந்தத் தயக்கத்தில் ஒரு தியானம் இருக்கிறது.

பீடத்தில் இருக்கும் பூ, சீரியல் லைட்டு, அலங்காரத் துணி எல்லாவற்றையும் வியாழன் இரவு எடுத்துவிடுங்கள். கோயிலிலும் அன்றிரவு பீடத் துணிகளைக் களைந்து வெறுமையாக்குவார்கள். வியாழன் திருப்பலியில் ‘உன்னதங்களிலே’ என்று பாடும் வானவர் கீதத்துக்குப் பிறகு, சனி இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பில் அதே கீதம் திரும்பப் பாடும்வரை, மணியும் ஒலிக்காது. வீட்டில் சிலுவையை மட்டும் வைத்து, அதை ஒரு ஊதாத் துணியால் மூடிவிடுங்கள். துணி புதிதாக வாங்க வேண்டாம், பழைய துப்பட்டா போதும்.

அன்றிரவு, இயேசு சீடர்களின் கால்களைக் கழுவுவதைச் சொல்லும் யோவான் நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தை வாசித்து, வீட்டில் ஒருவர் மற்றவர்களின் கால்களைக் கழுவலாம். வயதானவர்களின் காலைப் பேரப்பிள்ளைகள் கழுவுவதைவிட, அப்பா பிள்ளைகளின் காலைக் கழுவினால் அந்த அதிகாரம் சொல்வது சரியாக விளங்கும். அப்புறம், இயேசு பிடிபடும் முன் ஜெபித்த கெத்செமனித் தோட்டத்தை நினைத்து ஒரு மணி நேரம் விழித்திருப்பது பழைய வழக்கம். ஒரு மணி நேரம் முடியாவிட்டால் கால் மணி நேரம். சீடர்களுக்கே தூக்கம் வந்துவிட்டது, நமக்கு வருவதில் ஆச்சரியமில்லை.

படுக்கும் முன் கடைசி வேலை: உறவினர்களிடம் நாளை மதியம் 12 முதல் 4 வரை போன் எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு, போனை சைலண்டில் போடுங்கள். வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ வைத்து ‘ஹேப்பி குட் ஃபிரைடே’ என்று அனுப்பும் நல்ல உள்ளங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பதில் போட்டுக்கொள்ளலாம்.

படி 2: காலை, ஒருசந்தி

கத்தோலிக்கர்களுக்கு இன்று ஒருசந்தியும் உண்டு, சுத்த போசனமும் உண்டு. ஒருசந்தி என்றால் ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு. மற்ற இரண்டு வேளை கொஞ்சம் சாப்பிடலாம், ஆனால் அந்த இரண்டையும் சேர்த்தாலும் ஒரு முழுச் சாப்பாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். 18 வயது நிறைந்தவர்கள் முதல் 59 வயது நிறையும் வரை உள்ளவர்களை இது கட்டுப்படுத்தும். சுத்த போசனம், அதாவது இறைச்சி தவிர்ப்பது, 14 வயது நிறைந்த எல்லாருக்கும். மீனும் முட்டையும் பாலும் சட்டப்படி தடை இல்லை. ஆனால் வஞ்சிரம் மீன் வறுவலோடு சுத்த போசனம் காப்பது சட்டத்துக்குச் சரி, நாளுக்குச் சரியில்லை. நம் வீடுகளில் மீனையும் சேர்த்தே விட்டுவிடுவது வழக்கம், அதுவே நல்லது.

சிஎஸ்ஐ வீடுகளில் இப்படி வயது எல்லை கிடையாது. நண்பகல் 12 முதல் 3 வரை நடக்கும் மும்மணி ஆராதனை முடியும்வரை உபவாசம் என்று அவரவர் மனதுப்படி இருப்பார்கள்.

சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், நோயாளிகள் இவர்களுக்கெல்லாம் ஒருசந்தி கடமை இல்லை. அம்மா, அப்பா பிடிவாதமாக மாத்திரையைத் தள்ளிப்போட்டால் கூடாது என்று உறுதியாகச் சொல்லுங்கள். மார்ச், ஏப்ரல் வெயிலில் தண்ணீரை யாரும் நிறுத்த வேண்டாம், தண்ணீர் குடித்தால் ஒருசந்தி முறியாது. சின்னப் பிள்ளைகளைப் பட்டினி போடாமல், அவர்களுக்குப் பிடித்த ஒன்றை மட்டும் விடச் சொல்லுங்கள். பிஸ்கட்டா, கார்ட்டூனா என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

உடை சாதாரணமாக இருக்கட்டும். வெள்ளையோ மங்கலான நிறமோ, பட்டும் நகையும் பூவும் வேண்டாம்.

படி 3: முற்பகல், சிலுவைப் பாதை

வெயில் ஏறுவதற்கு முன், 9 மணி வாக்கில் தொடங்கினால் வசதி. மொத்தம் 14 நிலைகள். 1731-இல் திருத்தந்தை 12-ஆம் கிளமெந்து இந்த எண்ணிக்கையை நிலைப்படுத்தினார். அதற்கு முன் இடத்துக்கு இடம் கூடியும் குறைந்தும் இருந்தது.

வீட்டில் செய்ய 14 படங்கள் தேவையில்லை. 14 சிறு தாள்களில் எண் எழுதி வாசல், கூடம், சமையலறை, மாடிப்படி என்று ஒட்டுங்கள். முதல் நிலை, பிலாத்து தீர்ப்பிடுவது, தெருவாசலுக்கு. கடைசி நிலை, கல்லறை, வீட்டின் உள்ளறைக்கு. உட்கார்ந்த இடத்திலேயே வாசித்துவிட்டால் அது சிலுவைப் பாதை ஆகாது, நடக்க வேண்டும். நடக்க முடியாத பாட்டி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு நிலைக்கும் ‘எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி’ என்று பதில் சொல்லட்டும். பல வீடுகளில் அந்தப் பழைய ஜெபங்கள் மனப்பாடமாகத் தெரிந்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

எல்லா நிலைக்கும் ஒரே நேரம் ஒதுக்காதீர்கள். இயேசு மூன்று முறை விழுவது (3, 7, 9), தாயைச் சந்திப்பது (4), வெரோணிக்கா முகம் துடைப்பது (6) ஆகியவை நற்செய்திகளில் நேரடியாக இல்லை, மக்களின் பக்தியில் வளர்ந்தவை. அதனால் அவற்றை விட வேண்டும் என்பதில்லை. ஆனால் பிள்ளைகள் ‘இது பைபிளில் எங்கே இருக்கிறது’ என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். ஐந்தாம் நிலையில் கொஞ்சம் நில்லுங்கள். சீரேனே ஊர்ச் சீமோன் விரும்பி வந்து சிலுவையைத் தூக்கவில்லை, வழியில் போனவரைப் பிடித்துச் சுமக்க வைத்தார்கள். வீட்டில் நோயாளியைக் கவனித்துக்கொள்பவர் இருந்தால் அந்த நிலையை அவரே வாசிக்கட்டும்.

12-ஆம் நிலையில் எல்லாரும் முழந்தாளிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். பிள்ளைகளுக்கு ஒரு நிமிடமே நீளம்தான்.

படி 4: 12 முதல் 3 வரை, ஏழு வார்த்தைகள்

சிஎஸ்ஐ, லுத்தரன் சபையினருக்கு அன்றைய நாளின் மையம் இது. ஆனால் இந்த மூன்று மணி தியானம் தொடங்கியது 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில், பெருவின் லீமா நகரத்தில், அலோன்சோ மெசியா என்ற சேசு சபைக் குருவால். அதாவது கத்தோலிக்கரிடம் பிறந்து, இன்று நம் ஊரில் சீர்திருத்த சபைகளின் அடையாளமாக ஆகிவிட்டது.

ஏழு வார்த்தைகளும் வருமிடங்கள்: ‘பிதாவே, இவர்களுக்கு மன்னியும்’ (லூக்கா 23:34), கள்வனுக்குத் தந்த பரதீசு வாக்கு (லூக்கா 23:43), தாயையும் அன்புச் சீடரையும் ஒருவரிடம் ஒருவர் ஒப்படைப்பது (யோவான் 19:26-27), ‘என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்’ (மத்தேயு 27:46, மாற்கு 15:34), ‘தாகமாயிருக்கிறேன்’ (யோவான் 19:28), ‘முடிந்தது’ (யோவான் 19:30), ஆவியைப் பிதாவின் கையில் ஒப்புவிப்பது (லூக்கா 23:46).

மூன்று மணி நேரத்தை ஏழால் வகுத்தால் ஒரு வார்த்தைக்குச் சுமார் 25 நிமிடம். வீட்டில் அவ்வளவு நேரம் தாங்காது. ஒரு வார்த்தைக்கு 10 நிமிடம் வைத்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் முடியும். அப்படியானால் ஒன்றரை மணிக்கு மேல் தொடங்கினால் 3 மணிக்குள் அமைதியாக முடிக்கலாம். முறை எளிது: வசனத்தை ஒருவர் வாசிக்க வேண்டும், அதைச் சுற்றியுள்ள பத்தியையும் சேர்த்து. பிறகு இரண்டு நிமிடம் மௌனம். பிறகு பாமாலையிலிருந்தோ கீர்த்தனையிலிருந்தோ ஒரு சரணம், கீபோர்டும் தாளமும் இல்லாமல். கடைசியாக ஒருவர் சொந்த வார்த்தையில் சுருக்கமாக ஜெபிக்கலாம்.

வியாழன் இரவே ஏழு சீட்டு எழுதிக் குலுக்கி ஆளுக்கொரு வார்த்தையைக் கொடுத்துவிடுங்கள். பிரசங்கம் செய்ய வேண்டும் என்று யாரையும் பயமுறுத்தாதீர்கள். ‘இந்த வார்த்தை எனக்கு ஏன் கஷ்டமாக இருக்கிறது’ என்று இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். முதல் வார்த்தை அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் யாருக்காவது விழுந்தால் அறையில் சத்தம் குறைந்துவிடும். அதை நகைச்சுவையால் கலைக்க வேண்டாம், அப்படியே விடுங்கள்.

நாலாம் வார்த்தைக்கு 22-ஆம் சங்கீதத்தை முழுதாக வாசியுங்கள். இயேசு கதறியது அந்தச் சங்கீதத்தின் முதல் வரி. கைவிடப்பட்டவனின் புலம்பலாகத் தொடங்கி ஆண்டவரைப் புகழ்வதில் அது முடிகிறது. அதற்காக அவசரப்பட்டு முடிவுக்கு ஓடி, கதறலை மழுப்பிவிடக் கூடாது. வீட்டில் சமீபத்தில் சாவு நடந்திருந்தால், அந்தக் கேள்வியைக் கேட்க இதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது.

படி 5: மூன்று மணி

கத்தோலிக்கத் திருச்சபையில் இன்று திருப்பலி இல்லை. பிற்பகல் வழிபாடு மூன்று பகுதியாக நடக்கும்: இறைவாக்கு, சிலுவை ஆராதனை, முந்தின நாள் திருப்பலியில் அர்ச்சித்து வைத்த நற்கருணையைப் பெறுவது. 1955-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் (பயஸ்) செய்த சீர்திருத்தத்துக்கு முன்னால் இது காலையிலேயே நடந்துவிடும். நற்கருணையை வீட்டில் செய்ய முடியாது. நோயாளி இருந்தால், வழிபாட்டுக்குப் பிறகு நற்கருணை கொண்டுவர முடியுமா என்று பங்குக் குருவிடம் வாரத் தொடக்கத்திலேயே கேட்டு வையுங்கள். மற்ற இரண்டையும் வீட்டுக்கு ஏற்றபடி செய்யலாம்.

தொடங்கும்போது பாட்டு வேண்டாம், சிலுவை அடையாளம் கூட வேண்டாம். கோயிலில் குரு ஒன்றும் பேசாமல் வந்து தரையில் முகங்குப்புற விழுவார். வீட்டில் எல்லாரும் முழந்தாளிட்டு மௌனமாகத் தொடங்குங்கள். பிறகு எசாயா 52:13 முதல் 53:12 வரை, அடுத்து எபிரேயர் 4:14-16, 5:7-9. பிறகு யோவான் எழுதிய பாடுகளின் வரலாறு, 18, 19 அதிகாரங்கள். இதை ஒருவரே வாசித்தால் கேட்பவர் கண் சொக்கிவிடும். வரலாறு சொல்பவர், இயேசு, மற்ற எல்லாரும் என்று மூன்று குரலாகப் பிரியுங்கள். ‘சிலுவையில் அறையும்’ என்ற கூட்டத்தின் குரலை வீட்டில் எல்லாரும் சேர்ந்து சொல்ல வேண்டும். அந்த வரியைச் சொல்ல யாருக்கும் பிடிக்காது, அதற்காகத்தான் சொல்ல வைக்கிறார்கள்.

யோவானில் ‘யூதர்கள்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். பிள்ளைகளுக்கு அங்கேயே விளக்கிவிடுங்கள்: இயேசுவும் மரியாவும் பேதுருவும் யூதர்கள்தான். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பெரிய வெள்ளி வந்தாலே யூதர்கள் வெளியே வரப் பயந்த காலம் இருந்தது. 1959-இல் திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் (ஜான்) அன்றைய மன்றாட்டில் யூதர்களைக் குறித்திருந்த இழிசொல்லை நீக்கினார். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் சாவுக்கு யூத இனம் முழுவதையும் பொறுப்பாக்கக் கூடாது என்று தெளிவாகவே சொன்னது.

அடுத்து மன்றாட்டுகள். கோயிலில் பத்து இருக்கும்: திருச்சபை, திருத்தந்தை, கிறிஸ்தவ ஒற்றுமை, யூத மக்கள், கிறிஸ்துவை நம்பாதோர், கடவுளையே நம்பாதோர், நாட்டை ஆள்வோர், துன்புறுவோர் என்று போகும். வீட்டில் ஆளுக்கொன்று. பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி ஜெபிக்கலாம், அவர் எந்த மதமாக இருந்தாலும்.

இப்போது சிலுவையின் துணியை நீக்குங்கள். ஒரே இழுப்பில் அல்ல. முதலில் மேல்பகுதி, பிறகு வலது கை, பிறகு முழுவதும். ஒவ்வொரு முறையும் ‘வருவீர், ஆராதிப்போம்’ என்று சொல்லி முழந்தாளிடுங்கள். வீட்டின் மூத்தவர் முதலில் முத்தமிட, மற்றவர்கள் வரிசையாக. சீர்திருத்த சபை வீடுகளில் முத்தத்துக்குப் பதில் சிலுவை முன் நின்று மௌனமாக ஜெபிக்கலாம். முடிவில் ஆசீரும் பாட்டும் கிடையாது, எழுந்து கலைந்துவிடுவதுதான்.

நேரலையில் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: டிவியிலோ லேப்டாப்பிலோ போட்டு, கோயிலில் எழுந்து நிற்கும்போது நீங்களும் எழுந்து நில்லுங்கள். சோபாவில் சாய்ந்து பார்த்தால் அது நிகழ்ச்சியாகிவிடும்.

படி 6: கஞ்சி

நம் பக்கத்துப் பல பங்குகளில் வழிபாடு முடிந்ததும் கஞ்சி ஊற்றுவார்கள். வீட்டுக் கணக்கு நாலு பேருக்கு இது: புழுங்கலரிசி ஒரு டம்ளர், பச்சைப் பயறு அரை டம்ளர். பயறை வாசம் வரும்வரை எண்ணெய் இல்லாமல் வறுத்து, அரிசியோடு கழுவி, ஏழெட்டு டம்ளர் தண்ணீரில் திறந்த பானையில் சிறு தீயில் வேக விடுங்கள். அரிசி மலர்ந்து பயறு பிளந்ததும் உப்பு, ஒரு பிடி தேங்காய்த் துருவல். குக்கர் என்றால் ஆறு டம்ளர் தண்ணீர், ஐந்தாறு விசில். தொட்டுக்கொள்ள, தேங்காய்ச் சில்லைத் தணலில் சுட்டு, சுட்ட வற்றல் மிளகாய், கொஞ்சம் புளி, உப்பு வைத்து அம்மியிலோ மிக்சியிலோ கெட்டியாக அரைத்த துவையல். தாளிக்க வேண்டாம். ஒரு டம்ளர் அரிசியைக் கூடப் போட்டு வாட்ச்மேனுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரு தூக்கில் கொடுத்தனுப்புங்கள்.

படி 7: மாலையும் இரவும்

கஞ்சி குடித்த பிறகு நாள் முடிந்த மாதிரி ஆகிவிடும், கை ரிமோட்டைத் தேடும். முன்பெல்லாம் இந்த நேரத்துக்கு, இயேசுவின் பாடுகளையும் மாதாவின் துயரத்தையும் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் இருந்தது. கடலோரக் கத்தோலிக்கரும் இலங்கைத் தமிழரும் அதை ராகத்தோடு இழுத்து வாசிப்பார்கள், மாதா புலம்புகிற இடங்களில் பெண்கள் அழுவார்கள். வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர் இருந்தால் வாசிக்கச் சொல்லி போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், அந்த ராகம் அச்சில் வராது. இல்லாவிட்டால் ஜெபமாலையின் துயர மறையுண்மைகளைச் சொல்லலாம். சீர்திருத்த சபையினர் புலம்பல் ஆகமம் 3-ஆம் அதிகாரத்தை வாசிக்கலாம். இறந்துபோன சொந்தங்களின் பெயர்களைச் சொல்லி நினைவுகூரவும் இந்த மாலை ஏற்றது.

வேலை நாளில் மாட்டிக்கொண்டவர்கள் இவ்வளவையும் செய்ய முடியாது. அவர்களுக்கு மூன்று போதும்: மதியச் சாப்பாட்டை எளிமையாக்குவது, 3 மணிக்கு எழுந்து ஒரு நிமிடம் தனியாக நிற்பது, இரவு யோவான் 19-ஐ வாசிப்பது.

படி 8: சனிக்கிழமை

பலரும் வெள்ளி இரவோடு துக்கத்தை முடித்துவிட்டு சனி காலையே ஈஸ்டர் பர்ச்சேஸுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சனி, கல்லறை நாள். அன்று பகலிலும் திருப்பலி கிடையாது. வேலையெல்லாம் செய்யலாம், ஆனால் பாட்டும் பலகாரமும் பீடத்துப் பூவும் இருட்டும்வரை காத்திருக்கட்டும். ஞாயிறு பிரியாணிக்கு மட்டனை முன்னதாகவே சொல்லி வைத்துவிட்டு, வாங்கி வர மட்டும் மாலையில் போகலாம். இரவு திருவிழிப்புக்குப் போக முடியாதவர்கள் விளக்குகளை அணைத்து, ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, அதிலிருந்து வீட்டிலுள்ளவர்கள் ஆளுக்கொன்று ஏற்றிக்கொண்டு மத்தேயு 28-ஐ வாசியுங்கள். அதன் பிறகு சீரியல் லைட்டைப் போடுங்கள். குருத்து ஞாயிறன்று கொண்டுவந்த ஓலைச் சிலுவையை மட்டும் குப்பையில் போட்டுவிடாமல் பத்திரமாக வையுங்கள், அடுத்த சாம்பல் புதனுக்குச் சாம்பலாக்க அதைக் கோயிலில் வாங்கிக்கொள்வார்கள்.